யாருடைய அணி?

அமெரிக்காவில் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் கல்லூரிக் கால்பந்து பார்ப்பவர்களிடம் மூன்று புகார்கள் உண்டு. அணி சரியாக ஆடவில்லை. ஆட்டம் தொலைக்காட்சியில் கிடைக்கவில்லை. டிக்கெட் விலை கைக்கு எட்டவில்லை. இம்மூன்றுக்கும் ஆயத்தமாக மூன்று பதில்களும் உண்டு. பயிற்சியாளரை மாற்றுகிறோம், பொறுத்திருங்கள் என்பது முதல் பதில். ஒளிபரப்பு வணிக ஒப்பந்தம், அதில் உங்களுக்குப் பேச்சில்லை என்பது இரண்டாவது. விலை பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள் என்பது மூன்றாவது. இவற்றோடு நான்காவதாக, இலக்கியம் வாசிக்கும் நமது வட்டாரத்திலிருந்தே ஓர் ஏளனமும் வரும்: பந்துக்குப் பின்னால் ஓடுவதைக் காசு கொடுத்துப் பார்த்தவன் புலம்புகிறான், இதில் சிந்திக்க என்ன இருக்கிறது?

நாம் இந்த நான்கையும் மறுக்கிறோம். மூன்று புகார்களும் உண்மையில் ஒரே புகார் என்பதே நமது வாதம். ஒரு பல்கலைக்கழகம் தனக்கு முழுதும் சொந்தமில்லாத ஒன்றை, தலைமுறைகளாக ஓர் ஊரும் ஒரு மாநிலமும் சேர்ந்து வளர்த்த பற்றை, தன் தனிச்சொத்தாகக் கருதி விலைபேசிவிட்டது. விற்றவர்கள் வாங்கியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். விற்கப்பட்டவர்களை யாரும் அழைக்கவில்லை. ரசிகரின் முணுமுணுப்பு அங்கிருந்து வருகிறது.

இங்கு கால்பந்து என்று நாம் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளுக்கிடையே நடந்த ஆட்டத்திலிருந்து கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றைக் கணக்கிடுவது மரபு. தொழில்முறை ஆட்டம் அதற்குப் பின் வந்தது. ஐரோப்பாவில் தொழிற்சாலையையும் பேட்டையையும் சுற்றி விளையாட்டுக் கழகங்கள் முளைத்தன என்றால், அமெரிக்காவின் பெரும்பகுதியில் அந்த இடத்தைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,601 இருக்கைகள். தொழில்முறை அணிகளின் அரங்குகள் எதிலும் இத்தனை இருக்கைகள் இல்லை. அங்கு வந்து அமர்பவர்களில் பலர் அப்பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் அல்லர். தாத்தா கூட்டிக்கொண்டு போனார், அப்பா கூட்டிக்கொண்டு போனார், இப்போது மகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பது மட்டுமே அவர்களுடைய தகுதி. மாநிலப் பல்கலைக்கழகம் என்ற சொல்லில் உள்ள 'மாநிலம்' அவர்கள்தாம்.

இந்தப் பற்று எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு மூலையில், கோதுமை வயல்களுக்கு நடுவே புல்மன் என்றொரு சிற்றூர். அங்குள்ள வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஏறக்குறைய 33,000 இருக்கைகள். ஊரின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதுவே. ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் ஏதேனும் ஒரு கல்லூரி வளாகத்திலிருந்து 'காலேஜ் கேம்டே' என்ற நிகழ்ச்சியை நேரலையில் நடத்துகிறது. 2003 அக்டோபரில் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் அந்நிகழ்ச்சி நடந்தபோது அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் ஒருவர் தம் அணியின் கொடியைக் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில் அசைத்தார். அந்த ஊருக்கும் அன்றைய ஆட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அதன்பின் நிகழ்ச்சி எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கொடியும் போய்ச் சேர்ந்தது. கொடியை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பார்சலில் அனுப்பி, அங்கு வசிக்கும் முன்னாள் மாணவர் யாரேனும் அதிகாலையில் எழுந்து போய் அசைத்து, மீண்டும் அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். 15 ஆண்டுகளுக்குப் பின், 2018 அக்டோபரில்தான், அந்நிகழ்ச்சி முதன்முறையாகப் புல்மனுக்கு வந்தது. எந்த விளம்பர நிறுவனமும் இதை ஏற்பாடு செய்யவில்லை. யாருக்கும் ஊதியம் இல்லை.

ஐந்தே ஆண்டுகளில், 2023 ஆகஸ்டில், அந்த ஊரின் அணியை மேற்குக்கரைத் தோழர்கள் நடுத்தெருவில் விட்டார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரி அணிகள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. அவற்றில் ஒன்றான பேக்-12, 1915-இல் நான்கு மேற்குக்கரைப் பல்கலைக்கழகங்கள் கூடித் தொடங்கிய கூட்டமைப்பின் மரபைச் சேர்ந்தது. 2022 ஜூன் 30 அன்று அதன் லாஸ் ஏஞ்சலீஸ் உறுப்பினர்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும், பெரும்பாலும் நடுமேற்கு மாநிலங்களைச் சேர்ந்த பிக் டென் கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. அந்த ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று நிறுவனங்களோடு ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. இரு செய்திகளும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தவை என்று நம்புவதற்கு அசாதாரணமான குழந்தைமனம் வேண்டும். 2023 ஜூலையில் கொலராடோ வெளியேறியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய ஐந்தும் போயின. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. மிஞ்சியவை இரண்டு: வாஷிங்டன் ஸ்டேட்டும், 1915-இல் கூட்டமைப்பை நிறுவிய நான்கில் ஒன்றான ஆரிகன் ஸ்டேட்டும். ஊர் சிறிது, தொலைக்காட்சிச் சந்தை சிறிது. அவை செய்த பிழை அவ்வளவே.

சொற்களைக் கவனிக்கப் பழகிய வாசகர்கள் இதையும் கவனிக்கலாம். 2024 முதல் பிக் 'டென்'னில் உறுப்பினர்கள் 18. பிக் '12'-இல் 16. 'அட்லாண்டிக் கரை'யில் பசிபிக் கரையின் இரு பல்கலைக்கழகங்கள். பெயர்களை மாற்றவில்லை, ஏனெனில் பெயர்களில்தான் பழைய பற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, பற்றைத்தான் விற்கிறார்கள். பொருளை எடுத்துக்கொண்டு சொல்லை மட்டும் விட்டுவைப்பது மொழிக்குச் செய்யும் அவமதிப்பும்கூட. லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூஜெர்சியின் ரட்கர்ஸ் வரை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். இவ்விரண்டும் இன்று ஒரே கூட்டமைப்பு. தேர்வுக்குப் படிக்க வேண்டிய கைப்பந்து வீராங்கனையும் கால்பந்துக்காகப் போட்ட இந்த வரைபடத்தின்மீதுதான் பறக்கிறார்.

இதன் வேரைத் தேடினால் 1984-க்குப் போக வேண்டும். அதற்கு முன் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பே எல்லாக் கல்லூரிகளின் சார்பிலும் தொலைக்காட்சி ஒப்பந்தம் செய்தது. ஓர் அணி இரண்டாண்டுகளில் ஆறு முறைக்குமேல் தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்றுகூட விதி இருந்தது. 1981-இல் ஒரு வார இறுதியில் ஓக்லஹோமாவும் யு.எஸ்.சி.யும் மோதிய ஆட்டத்தை 200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் காட்டின. அதே வார இறுதியில் சிட்டடல், அப்பலாச்சியன் ஸ்டேட் ஆகிய சிறிய அணிகளின் ஆட்டத்தை நான்கு நிலையங்கள் காட்டின. நான்கு அணிகளுக்கும் ஒரே தொகை கிடைத்தது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. அது தனியுரிமைத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட இருவரில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். 1930-களில் கொலராடோவுக்காக ஆடிப் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாகவே பார்ப்பது பிழை என்பது அவரது மாறுபட்ட தீர்ப்பின் சாரம். ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்த ஒரே நீதிபதி சிறுபான்மையில் நின்றார்.

பழைய ஏற்பாடு புனிதமானது என்று நாம் சொல்லவில்லை. அது பார்வையாளருக்கு ஆட்டங்களை மறுத்தது. 1984-க்குப் பின் ஆட்டங்கள் பெருகின என்பதும் உண்மை. ஆனால் சந்தையின் விடுதலை என்று அன்று கொண்டாடப்பட்டது எங்கே போய் நின்றது என்று பார்க்க வேண்டும். ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 1910 முதல் 2023 வரை ஓர் ஆண்டுகூடத் தவறாமல் மோதின. வழக்கில் வென்று சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2024-இல், ஓக்லஹோமா அதிகப் பணமுள்ள எஸ்.இ.சி. கூட்டமைப்புக்குப் போயிற்று. மாநிலத்தின் மிகப் பெரிய ஆட்டம் அந்த ஆண்டு நடக்கவில்லை. மாநில எல்லைக்குள்ளேயே இருக்கும் இரு பல்கலைக்கழகங்கள் ஓர் ஆட்டத்துக்கு நாள் குறிக்க முடியாத நிலையை விடுதலை என்று எப்படி அழைப்பது?

ஆட்டங்கள் பெருகின, பார்ப்பது எளிதாயிற்றா? 2023 செப்டம்பர் 2 அன்று மிச்சிகனின் முதல் ஆட்டம் பீகாக் என்ற கட்டண இணையச் சேவையில் மட்டுமே வந்தது. பிக் டென் அணி ஒன்றின் பருவத்தை முழுமையாகப் பின்தொடர விரும்புபவர் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி., பீகாக், பிக் டென் நெட்வொர்க் என்று வாசல் வாசலாகப் போக வேண்டும். பணம் கட்டிய பிறகும் உத்தரவாதம் இல்லை. 2023 ஆகஸ்ட் 31 அன்று, பருவம் தொடங்கும் வேளையில், டிஸ்னிக்கும் சார்ட்டர் நிறுவனத்துக்கும் கட்டணத் தகராறு மூண்டு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி சந்தாதாரர்களுக்கு ஈ.எஸ்.பி.என். மறைந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று அதே டிஸ்னியும் டைரக்டிவியும் மோதின, அன்றிரவு எல்.எஸ்.யு.வும் யு.எஸ்.சி.யும் ஆடவிருந்தன. 2025 அக்டோபர் 30 அன்று யூடியூப் டிவியோடு மீண்டும் அதே கதை, இரண்டு வாரங்களுக்கு. மூன்று முறையும் தகராறு இலையுதிர்காலத்தில் முற்றியது. ரசிகரின் பொறுமை எப்போது குறைவாக இருக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். பிணைக்கைதி இல்லாமல் பேரம் சூடுபிடிப்பதில்லை.

அரங்குக்குப் போகலாம் என்றால் அங்கும் தொலைக்காட்சிதான் தலைவர். ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதைப் பல சனிக்கிழமைகளுக்கு ஒளிபரப்பு நிறுவனம் 12 நாட்களுக்கு முன்புதான் அறிவிக்கும். சில சமயம் ஆறே நாட்களுக்கு முன்பு. ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வருபவர் விடுதியில் ஓரிரவு அறை எடுக்க வேண்டுமா, இரண்டிரவா என்பதை ஆறு நாட்களில் முடிவுசெய்ய வேண்டும். ஆட்டத்தின் நடுவே மைதான ஓரத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த ஒருவர் வந்து நிற்பார். விளம்பரம் ஓடி முடிந்து அவர் விலகும்வரை 22 ஆட்டக்காரர்களும் ஒரு லட்சம் பேரும் சும்மா நிற்க வேண்டும். ஆட்டம் நீள்கிறது என்ற முறையீட்டுக்கு 2023-இல் ஒரு தீர்வு கண்டார்கள். முதல் டவுன் கிடைத்ததும் கடிகாரத்தை நிறுத்தும் வழக்கத்தை, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் நீங்கலாக, கைவிட்டார்கள். அதாவது ஆட்டத்தில் சில நொடிகளை வெட்டினார்கள். அந்த விதி விளம்பரத்தைத் தொடவில்லை.

நம் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வேண்டும். அவர்கள் இல்லாமல் தேர் நகராது. தேர் எந்த வீதியில், எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதை மட்டும் வீதியோரத்தில் கடை ஏலம் எடுத்தவர் முடிவுசெய்தால் அதை யாரும் திருவிழா என்று சொல்லமாட்டார்கள்.

இனி டிக்கெட். பெரிய அணிகளின் நல்ல இருக்கைகளுக்கு டிக்கெட் விலை என்பது பாதிக் கதைதான். அந்த டிக்கெட்டை வாங்கும் உரிமையைப் பெறவே பல்கலைக்கழகத் தடகள நிதிக்கு ஆண்டுதோறும் 'நன்கொடை' கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கிடைக்காத ஒன்றுக்காகக் கொடுப்பது எப்படி நன்கொடையாகும் என்று வரித்துறை 1980-களில் நியாயமாகவே கேட்டது. 1988-இல் நாடாளுமன்றம் தலையிட்டு, அத்தொகையில் 80 விழுக்காட்டை வரிவிலக்குக்குரிய தானமாகக் கொள்ளலாம் என்று சட்டமியற்றியது. 2017-இன் வரிச்சட்டம் அதை நீக்கும்வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள், மைதானத்தின் நடுவரிசை இருக்கைக்கு நாட்டின் பொது நிதி மானியம் கொடுத்தது. இருக்கையே வாங்க முடியாதவரின் வரிப்பணமும் அதில் சேர்த்தி. விலை ஏறியதற்குச் சந்தையின் இயல்பைக் காரணம் காட்டுபவர்கள், அந்தச் சந்தையைச் சட்டம் போட்டு உப்பவைத்த இந்த அத்தியாயத்தைச் சொல்லமாட்டார்கள்.

2024 செப்டம்பரில் டென்னஸி பல்கலைக்கழகம் மேலும் ஒரு படி போயிற்று. 2025 பருவத்தின் கால்பந்துச் சந்தா டிக்கெட்டுகளில் 10 விழுக்காடு 'திறமைக் கட்டணம்' சேர்க்கப்படும் என்று அறிவித்தது. ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய காலம் வருகிறது, அதற்காக என்பது விளக்கம். இந்தச் சொல்லாட்சியில் உள்ள தந்திரத்தை நாம் கவனிக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளருக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தபோது டிக்கெட்டில் 'பயிற்சியாளர் கட்டணம்' என்று ஒரு வரி இருந்ததில்லை. உடற்பயிற்சி மாளிகைகளும் ஒப்பனை அறைகளும் கட்டியபோது 'பளிங்குக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்ததில்லை. உழைப்பவருக்குக் கூலி என்றவுடன் மட்டும் அது தனி வரியாகிறது. உங்கள் துயரத்துக்குக் காரணம் இந்த இருபது வயதுப் பையன்கள்தாம் என்று ரசிகரின் காதில் ஓதுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதை நம்பிவிட்டார்கள் என்பதே நமக்குக் கவலை. ஆட்டக்காரர்கள் பணம் கேட்க ஆரம்பித்தபின் எல்லாம் கெட்டது என்கிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. இருக்கைக்கு நன்கொடை என்ற ஏற்பாடு 1980-களிலேயே வேரூன்றிவிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகம் தன் ஒருவருக்கென்று ஈ.எஸ்.பி.என்.னோடு 20 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் மதிப்பில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியது 2011-இல். டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்-மும் 1894-இல் தொடங்கிய தங்கள் மோதலை முறித்துக்கொண்டதும் 2011-இல்தான். அது மீண்டும் நடக்க 2024 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேக்-12 தன் சொந்த அலைவரிசையை 2012-இல் தொடங்கி, டைரக்டிவி சந்தாதாரர்களுக்குக் கடைசிவரை கொடுக்க முடியாமலே 2024-இல் மூடியது. ஆட்டக்காரர் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில். பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பங்கு கொடுக்க வழிசெய்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது 2025 ஜூன் 6 அன்று. முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 2.05 கோடி டாலர். வீடு எரிந்து முடிந்தபின் வந்தவனைப் பார்த்துத் தீக்குச்சி எங்கே என்று கேட்பது நியாயமில்லை.

எஞ்சியிருப்பது முதல் புகார்: அணி ஆடவில்லை. இதில்தான் ரசிகரின் உணர்ச்சி மிகத் தீவிரமானது. அவரை ஏமாற்றுவதும் இங்குதான் மிக எளிது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்தது ஏறக்குறைய 7.6 கோடி டாலர். 2025 அக்டோபரில் எல்.எஸ்.யு. பிரையன் கெல்லியை நீக்கியபோது நின்ற கணக்கு ஏறக்குறைய 5.4 கோடி டாலர். மேலே சொன்ன ஹவுஸ் உச்சவரம்போடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேலை செய்யாமலிருப்பதற்காக ஒருவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை, ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளையும் சேர்ந்த எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஓராண்டில் பகிர்ந்து கொடுக்கக்கூடிய தொகையைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். இதற்குத் திறமைக் கட்டணம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

தோற்றால் நீக்கு என்று அரங்கில் எழும் முழக்கத்தைத் தடகள இயக்குநர்கள் மிகவும் விரும்புவார்கள் என்று நாம் கருதுகிறோம். அந்த முழக்கத்தின் பெயரால் எந்த ஒப்பந்தத்தையும் எழுதலாம். எந்தச் செலவையும் ரசிகரின் விருப்பம் என்று கணக்கு காட்டலாம். வெற்றி வேண்டும் என்ற கோரிக்கை மட்டுமே உரக்க ஒலிக்கும்வரை மற்ற இரண்டு புகார்களுக்கும் பதில் கிடைக்காது. வெற்றிக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு ஒளிபரப்பு வேண்டும், ஒளிபரப்பு கேட்கும் நேரத்தில் ஆட வேண்டும், மீதியை டிக்கெட்டில் ஏற்ற வேண்டும் என்று அந்தச் சங்கிலி தானாகக் கோத்துக்கொள்ளும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் தோற்றே ஆக வேண்டும் என்ற எளிய கணிதத்தை மட்டும் எந்தச் செலவும் மாற்றாது. 18 அணிகள் கோடிகளைக் கொட்டினாலும் அந்தக் கூட்டமைப்பின் வெற்றிகளும் தோல்விகளும் முன்பிருந்த விகிதத்திலேயேதான் இருக்கும்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. கால்பந்தின் வருமானம்தான் நீச்சல், ஓட்டம், பெண்கள் அணிகள் எல்லாவற்றையும் தாங்குகிறது என்பார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் இது உண்மையே. அந்த அணிகள் தொடர வேண்டும் என்பதில் நமக்கும் மறுப்பில்லை. அப்படியானால் அந்த அணிகளின் பெயரால் கேட்கும் பணம் அவற்றுக்கே போகிறதா என்பதைக் கணக்கு காட்டலாமே. நீக்கப்பட்ட பயிற்சியாளருக்கான கோடிகள் நீச்சல்குளத்தைத் தாங்கவில்லை. பல பல்கலைக்கழகங்களில் கால்பந்தே பார்க்காத மாணவரின் கட்டணத்திலிருந்தும் தடகளத் துறைக்குப் பணம் போகிறது என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்றொரு வாதம் அறிவாளிகளுடையது: பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கூத்து எதற்கு, மூடிவிடலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் 1939-இல் அப்படியே செய்தார். ஹைஸ்மன் பரிசை 1935-இல் முதன்முதலாக வென்றவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர். நான்கே ஆண்டுகளில் அங்கு அணியே இல்லை. ஹட்சின்ஸின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் மூடியபின் மற்ற இடங்களில் நோய் குறையவில்லை. கல்லூரி விளையாட்டில் வணிகம் புகுந்ததைக் கண்டித்துக் கார்னகி அறக்கட்டளை விரிவான அறிக்கை வெளியிட்டது 1929-இல். அந்த அறிக்கைக்கும் அசையாத ஒன்று, ஒரு பல்கலைக்கழகம் விலகிக்கொண்டதற்கா அசையும்? விலகுவது தன் கையைக் கழுவிக்கொள்வது. அதனால் புல்மனின் கொடிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

விலை பிடிக்காவிட்டால் வாங்காதே என்ற பதிலுக்கு வருகிறோம். சோப்பு வாங்குபவனுக்கு இந்தப் பதில் பொருந்தும்; ஒரு சோப்பு பிடிக்காவிட்டால் அடுத்ததை எடுப்பான். ஆரிகன் ஸ்டேட் ரசிகரிடம் போய், உங்கள் அணிக்கு இடமில்லாமல் போய்விட்டது, நீங்கள் ஏன் ஒஹையோ ஸ்டேட்டை ஆதரிக்கக்கூடாது என்று கேட்டால் அவர் நம்மை மனநலம் குன்றியவராக நினைப்பார். மாற்றுப் பொருள் இல்லாத ஒன்றை விற்பவர், போட்டிச் சந்தையின் நியாயங்களைப் பேசத் தகுதியற்றவர். இருநூறு பிரதிகள் அச்சிடும் சிற்றிதழுக்குச் சந்தா கட்டிக் காத்திருக்கும் வாசகருக்கு இது விளங்காமல் போகாது. அவரும் ஒரு பொருளை வாங்கவில்லை. ஒன்று தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் பங்கைச் செலுத்துகிறார். அதனால்தான் நமது வட்டாரத்தின் ஏளனத்தை நாம் ஏற்க மறுக்கிறோம். பற்றின் பொருள் வேறாக இருக்கலாம். அதன் தன்மை ஒன்றே.

கோரிக்கைகள் எளியவை. ஒன்று, ஒரு மாநிலப் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்கள் அந்த மாநில எல்லைக்குள் ஆண்டெனா வைத்த எவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இது கனவல்ல. எல்லோரும் கைவிட்ட பிறகு, 2024-இல், ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகியவற்றின் உள்ளூர் ஆட்டங்கள் பெரும்பாலும் சி.டபிள்யு. என்ற திறந்த ஒளிபரப்பில் வந்தன. கைவிடப்பட்டவர்களுக்குச் சாத்தியமானது கோடீஸ்வரர்களுக்கு ஏன் சாத்தியமில்லை? இரண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்தை டிக்கெட் விற்கும்போதே அறிவிக்க வேண்டும். மூன்று, இருக்கைக்கான கட்டாயத் தொகையை நன்கொடை என்று அழைப்பதை நிறுத்தி, முழு விலையையும் டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். அரங்கில் ஒரு பகுதியை எக்காலத்திலும் ஏலத்துக்கு விடாமல் மாணவருக்கும் உள்ளூராருக்கும் ஒதுக்க வேண்டும். நான்கு, மாநிலத்துக்குள் நடக்கும் மரபுவழி மோதல்களைக் கூட்டமைப்பு மாறினாலும் தொடர வேண்டும் என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்கள் தீர்மானம் இயற்ற வேண்டும். ஐந்து, நீக்கினாலும் முழுத்தொகை என்ற பயிற்சியாளர் ஒப்பந்தம் எதுவும் பொது விவாதத்துக்கு வைக்காமல் கையொப்பமாகக் கூடாது.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக் கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை. அந்த உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார், அல்லது வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். சனிக்கிழமை அரங்கில் கத்தும் ஒரு லட்சம் பேரில் நூறு பேர், வாரநாள் ஒன்றில் அந்தக் கூட்டத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு கேட்டால், பயிற்சியாளரை நீக்கச் சொல்லி நூறு வாரங்கள் கத்துவதைவிட அதிகம் நடக்கும். அணி தோற்கலாம். அடுத்த வாரமும் தோற்கலாம். தோல்வியைத் தாங்கும் பழக்கம் ரசிகருக்கு உண்டு. 15 ஆண்டுகள் கொடியை ஊர் ஊராக அனுப்பியவர்கள் வெற்றியை எதிர்பார்த்து அனுப்பவில்லை. அந்தப் பொறுமையைத் தங்கள் இருப்புநிலைக் குறிப்பில் வரவு வைத்துக்கொண்டவர்களிடம்தான் இப்போது கணக்கு கேட்கிறோம்.